அளந்து போடுங்கள்!

பெட்ரோல் போடுகிற இடத்தில் குழாயும் கையுமாக நிற்கிற பையன் நம்மைப் பார்த்து, "ஸார், ஜீரோ பாத்துக்குங்க" என்கிறான். நாமும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொள்கிறோம். பால்காரர் நுரையை ஒதுக்கிவிட்டு ஊற்றாவிட்டால் வீட்டு அம்மாள் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போகமாட்டாள். கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் சர்க்கார் முத்திரை போடுகிறது. ரேஷன் கடையில் கால் கிலோ சர்க்கரை குறைந்தது என்றால் தெருவே திரண்டு நிற்கிறது. இதெல்லாம் நல்லதுதான். அளவில் ஏமாறாமல் இருப்பது மானமுள்ள மனிதனின் லட்சணம்.

ஆனால் இதே மனிதன் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு மூன்று தடவை இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர் என்ற நிலைக்கு வந்துவிட்டால், அளவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பார்க்கப் போகிற நாமும், "இந்த வாரம் எத்தனை தடவை ஆச்சு?" என்று விசாரித்துவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு (அதையும் அவர் சாப்பிடக் கூடாது!) வந்துவிடுகிறோம். "எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்பாரில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

நான் கதை எழுதுகிறவன். கல்லூரிப் படிப்பைக்கூடப் பூர்த்தி செய்யாதவன். வைத்திய விஷயத்தில் இவனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். எனக்கும் அதில் வேலை இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தவர் ஒரு புரூஃப் ரீடர்.

என் முதல் நாவலுக்குப் புரூஃப் பார்த்தவர் அவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை "அண்ணே" என்பேன்; அவர் என்னைத் "தம்பி" என்பார். முப்பது வருஷம் பிறர் எழுத்தில் பிழை பொறுக்கிய கண். சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகங்களைத் தின்று தீர்த்த பிறகு, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிஸிஸ் என்று ஏற்பாடாயிற்று. டாக்டர் மூன்று தடவை என்றுதான் சொன்னார். இடமும் இல்லை, பணமும் இல்லை, இரண்டில் நின்றது. துணைக்கு நான் போவதுண்டு.

நாலைந்து மாதத்தில் மனிதர் வற்றிப் போனார். சோற்றைக் கண்டால் குமட்டல். நமைச்சலில் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொள்வார். ராத்திரித் தூக்கம் போய்விட்டது. "டயாலிஸிஸ்தான் ஒழுங்கா நடக்குதே தம்பி, அப்புறம் ஏன் இவருக்கு இப்படி?" என்று அண்ணி கேட்டபோது, "வியாதி அப்படி, அண்ணி" என்று நான் பெரிய ஞானிபோல் பதில் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அண்ணன் சும்மா இருக்கிற ஆசாமி இல்லை. பழக்க தோஷம், படுக்கையில் கிடந்தபடியே எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வந்திருக்கிறார். ஊசி குத்தி இயந்திரம் ஓட ஆரம்பித்த நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் ஒரு பழைய டயரியில் மூன்று மாதம் எழுதியிருக்கிறார். இருபத்தாறு தடவை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒவ்வொரு தடவைக்கும் நேராக "4 மணி" என்று இருந்தது. டயரியில் சராசரி 3 மணி 10 நிமிஷம். காலை ஆறு மணி முறை ஆறே முக்காலுக்கு மேல் தொடங்கும், பத்து மணிக்கு அடுத்த முறைக்காரர்கள் வராந்தாவில் வந்து நிற்பார்கள், இயந்திரத்தைக் கழுவ வேண்டும், நிறுத்திவிடுவார்கள். கூட்டிப் பார்த்தால் 104 மணி நேரம் வரவேண்டிய இடத்தில் 82 மணி 20 நிமிஷம் வந்திருந்தது. ஐந்து தடவைக்கு மேல் காணோம்!

"தம்பி, இருபத்தாறு ஃபாரம்னு பில்லு போட்டு, இருபது ஃபாரம்தான் அச்சாகியிருக்கு" என்றார் அண்ணன்.

முழுதும் ஆஸ்பத்திரியின் குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. கால் நரம்பு சுண்டி இழுக்கிறது என்று அண்ணனே சில நாள் சீக்கிரம் எடுக்கச் சொன்னார். ஒரு நாள் என் மேடைப் பேச்சுக்கு நேரமாகிறதென்று, "அரை மணி முன்னாடி விட்டுட மாட்டீங்களா?" என்று அங்கிருந்த டெக்னீஷியனைக் கெஞ்சியவன் நான். அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். மனித உயிரின் முக்கியத்துவம் பற்றித்தான் அன்றைக்குப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

இனி இந்த அளவு என்பது என்ன என்று பார்ப்போம். சூட்சுமமான விஷயம் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். பால் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இது புரியும்.

ஒரு டயாலிஸிஸின் பலன் நேரத்தை மட்டும் பொறுத்ததல்ல. நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் குழாயில் ஓடுகிறது, வடிகட்டி எப்படிப்பட்டது, அதைக் கழுவிக் கழுவி எத்தனையாவது தடவையாக உபயோகிக்கிறார்கள், கையில் ஊசி போடும் ரத்தக் குழாய் சரியாக இருக்கிறதா, எத்தனை நேரம் ஓடியது என்று எல்லாம் சேர்ந்துதான் அது. 60 கிலோ எடையுள்ள மனிதரின் உடம்பில் சுமார் 35 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. யூரியா என்ற கழிவு அந்தத் தண்ணீர் முழுவதிலும் கரைந்து கிடக்கிறது. நிமிஷத்துக்கு 180 மில்லி ரத்தம் யூரியா இல்லாமல் சுத்தமாகி வெளிவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 நிமிஷத்தில் 43 லிட்டர். 35 லிட்டர் தொட்டிக்கு 43 லிட்டர் சுத்தம், வகுத்தால் 1.2 சொச்சம். இதைத்தான் டாக்டர்கள் 'கே டி பை வி' என்கிறார்கள். வாரம் மூன்று தடவை செய்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் 1.2 கீழ் எல்லை, 1.4ஐக் குறிவைக்க வேண்டும் என்பது நிபுணர்களின் சட்டம்.

இதைவிடச் சுலபமான கணக்கும் உண்டு. தொடங்குமுன் ரத்தத்தில் யூரியா எவ்வளவு, முடிந்தபின் எவ்வளவு என்று இரண்டு சோதனை. நூற்றுக்கு 65 பங்காவது குறைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இரண்டு குப்பி ரத்தமும் ஒரு கழித்தல், ஒரு வகுத்தலும்.

அண்ணனுக்கு இந்தச் சோதனை ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட நடக்கவில்லை. டயரியைக் காட்டிக் கேட்ட பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் நல்லவர். வாரம் ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்து போகிறவர். தமக்கு முன்னால் நீட்டப்பட்ட காகிதத்தில் "4 மணி" என்று இருந்ததை அவர் நம்பினார். அவரை ஏமாற்றியதும் அதே காகிதம்தான். முடிவு வந்தது. முன்னால் 160, பின்னால் 72. குறைந்தது 55 சதவிகிதம்.

வியாதி அப்படியல்ல, வாசகர்களே. அளவு அப்படி!

இந்த இயந்திரத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் மனிதன் மூன்று கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு வந்திருப்பது தெரிகிறது. 1943ல், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில், காம்பன் என்ற ஊரில், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் இறைச்சி அடைக்கிற செல்லோஃபேன் உறையை ஓர் உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். 1945ல்தான் ஒரு மூதாட்டி பிழைத்தார். 'முடியுமா?' என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. 1960ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்திவைத்து, ஒரே மனிதருக்குத் திரும்பத் திரும்ப, வருஷக்கணக்காகச் செய்யலாம் என்று காட்டினார். இயந்திரம் சொற்பம், சாகக் கிடப்பவர்கள் ஏராளம். ஆகவே அந்த ஊரில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, இன்னாருக்கு இடம், இன்னாருக்கு இல்லை என்று தீர்மானித்தது. 1962ல் 'லைஃப்' பத்திரிகை அதை எழுதியபோது உலகம் பதறியது. 'எத்தனை பேருக்கு?' என்பது இரண்டாவது கேள்வி. 1972ல் அமெரிக்காவில் சட்டம் போட்டு, ஏறக்குறைய எல்லோருக்கும் சர்க்கார் செலவு என்று ஆக்கினார்கள்.

பிறகுதான் மூன்றாவது கேள்வி வந்தது: 'எவ்வளவு?' 1970களின் பிற்பகுதியில் அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. யூரியாவை நன்றாக இறக்கிய கூட்டம், அரைகுறையாக இறக்கிய கூட்டம் என்று பிரித்துப் பார்த்தார்கள். 1981ல் முடிவு வெளியாயிற்று: அரைகுறைக் கூட்டம்தான் அதிகமாக நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தது. 1993ல் 13,473 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். யூரியா 60 சதவிகிதம்கூடக் குறையாதவர்களுக்கு மரண அபாயம் கூடியிருந்தது. அண்ணனுடைய 55ஐ இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு இருந்த குமட்டலுக்கும் நமைச்சலுக்கும் இந்தக் கணக்கில் இடம் இருக்கிறது.

நம் தேசம் இரண்டாவது கேள்வியில் வெகுதூரம் வந்திருக்கிறது. அதை மறுக்கிறவன் நன்றிகெட்டவன். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிஸிஸ் உண்டு. 2016 மத்திய பட்ஜெட்டில் பிரதம மந்திரியின் தேசிய டயாலிஸிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது; மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசம். நகையை விற்று, நிலத்தை விற்று, கடைசியில் விற்க ஒன்றும் இல்லாமல் வீட்டிலேயே கிடந்து செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று அவர்களைப் போன்றவர்கள் பஸ் ஏறிப் போய் இயந்திரத்தில் படுக்கிறார்கள். பெரிய காரியம்.

ஆனால் இத்தனை இடத்தில் இத்தனை இயந்திரம், இத்தனை லட்சம் தடவை என்று அறிக்கை வரும்போது, கதை எழுதுகிறவனுக்கு ஓர் அற்பச் சந்தேகம் வருகிறது. இத்தனை தடவை என்றால் எத்தனை மணி? எத்தனை பேருக்கு 65 வந்தது? இலை போட்ட எண்ணிக்கையைச் சொல்கிறீர்கள். சோறு எவ்வளவு பரிமாறினீர்கள்? அமெரிக்காவில் 2012 முதல், அளவு உள்பட நிர்ணயித்த தரத்தை எட்டாத டயாலிஸிஸ் நிலையத்துக்கு சர்க்கார் தரும் பணத்தில் 2 சதவிகிதம் வரை பிடித்தம் செய்கிறார்கள். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் தலையைத்தான் எண்ணுவார்கள் என்ற உலக ஞானம் அவர்களுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நான் சொன்னபோது படித்த நண்பர்கள் சிலர் மூன்று ஆட்சேபங்களைச் சொன்னார்கள்.

முதலாவது, "நம்பரைச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவான்." இது நம் நாட்டில் எல்லா அநியாயத்துக்கும் போர்த்துகிற பழைய கம்பளி. இரண்டு ஊசிக்கும் தன் கையை நீட்டுகிறவன், மாதக்கணக்கில் ஒரு நாளைக்கு இத்தனை தம்ளர் தண்ணீர்தான் என்று நாவை அடக்குகிறவன், 55 என்ற எண்ணுக்கா பயப்படுவான்? சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் சர்க்கரை அளவைத் தெருமுனையில் நின்று ஒப்பிக்கிறார்களே! அவர்கள் பயந்தா செத்தார்கள்?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. "எல்லோருக்கும் நாலு மணி கொடுத்தால் சாயங்கால முறைக்கு இயந்திரம் இருக்காது. நாலு பேருக்கு ஒன்றுமே இல்லாமல் போவதைவிட எல்லோருக்கும் மூன்று மணி மேல் இல்லையா?" இதைக் கேட்டு நான் ஓர் இரவு தூங்கவில்லை. பந்தியில் இலை அதிகம், சோறு குறைவு என்றால் அளவைக் குறைத்துப் போடுவதில் தர்மம் இருக்கலாம். ஆனால் மூன்று மணி கொடுத்தால் மூன்று என்று எழுதுங்கள்! நாலு என்று ஏன் எழுதுகிறீர்கள்? மூன்று என்று எழுதினால்தான் மேலே இருக்கிறவனுக்குப் பற்றாக்குறை தெரியும். இன்னும் நாலு இயந்திரம் வேண்டும் என்று கேட்க ஆதாரம் கிடைக்கும். பொய்யான நாலு, இல்லாத இயந்திரத்தை இருப்பதாகக் காட்டுகிறது. இல்லாமை குற்றமல்ல, இருப்பதாகக் கணக்கு எழுதுவது குற்றம்.

மூன்றாவது ஆட்சேபம் ஒரு டாக்டருடையது. "மனிதனை ஓர் எண்ணுக்குள் அடைக்க முடியுமா?" என்றார். முடியாது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1,846 பேரை வைத்து நடத்தி 2002ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வழக்கமான அளவுக்கு மேலே கூட்டிக்கொண்டே போவதால் மொத்தத்தில் ஆயுள் குறிப்பிடும்படி நீளவில்லை என்றே கண்டார்கள். எண் ஏமாற்றவும் செய்யும். நோயாளி சோற்றை வெறுத்துப் பட்டினி கிடந்தால் யூரியா தானே இறங்கிவிடும். உடம்பு வற்றினால் வகுக்கிற தொட்டி சிறுத்து, கணக்கு உயர்ந்துவிடும். மனிதன் தேய்கிறான், எண் சிரிக்கிறது! முடிவில் ரத்தம் எடுக்கும்போது பம்பின் வேகத்தைக் குறைக்காமல் அவசரமாக எடுத்தால், அப்போதுதான் சுத்தமாகித் திரும்பிய ரத்தம் கலந்துகொண்டு, இல்லாத சாமர்த்தியத்தைக் காட்டிவிடும். வாரத்துக்கு மூன்று தடவைக்காக ஏற்பட்ட 1.2ஐ, இரண்டே தடவை செய்துகொள்கிறவரிடம் காட்டி 'சரியாயிருக்கிறது' என்பதும் ஏமாற்றுத்தான். இன்னும் கொஞ்சம் சிறுநீர் இறங்குகிறவருக்கு இரண்டு தடவை போதலாம்; அதையும் அளந்துதான் சொல்லவேண்டும். வாரத்தில் 168 மணி நேரமும் ஓய்வில்லாமல் உழைக்கிற உறுப்பின் வேலையை எட்டு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறோம் என்ற அடக்கம் நமக்கு வேண்டாமா?

ஆகவே எண் போதாது என்று சொல்கிற உரிமை டாக்டருக்கு உண்டு. ஆனால் அந்த உரிமை அளந்து பார்த்தவருக்குத்தான் உண்டு. தராசே இல்லாத கடைக்காரர், "எடையில் என்ன ஸார் இருக்கிறது, சரக்கின் குணத்தைப் பாருங்கள்" என்று வேதாந்தம் பேசினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். எண் தெரிந்த பிறகு டாக்டர் சும்மா இருக்கவில்லை. பம்பின் வேகம் 200லிருந்து 300 ஆயிற்று. வடிகட்டியைப் புதிதாக மாற்றினார்கள். கடிகாரத்தை அண்ணனும் பார்த்தார், அந்த டெக்னீஷியனும் பார்த்தார். நான்கு மணிக்குக் குறைந்தால் குறைந்தபடியே எழுதினார்கள். மறு மாதம் சோதனையில் 150க்கு 48. குறைந்தது 68 சதவிகிதம். இதற்கு ஒரு கோடி ரூபாய் கட்டடம் தேவைப்படவில்லை. எங்கிருந்தோ இடம் கண்டுபிடித்து வாரத்துக்கு மூன்றாவது தடவையும் சேர்த்தார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு நாள் காலை, அண்ணன் நாலு இட்லி சாப்பிட்டார் என்று அண்ணி போனில் சொன்னாள். கதைகளில் நான் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறேன். நாலு இட்லிக்காக நானே அழுதது அன்றைக்குத்தான்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அண்ணன் பிழைத்த சந்தோஷமல்ல. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு டீக்கடை மாஸ்டர். அண்ணனுக்கு இருந்த அதே நமைச்சல், அதே குமட்டல். மனைவி வீட்டு வேலைக்குப் போகிறவள். தனியாகப் பஸ்ஸில் வந்து போவார். ஒரு நாள் அண்ணன் அந்த டெக்னீஷியனிடம், "இவருக்கும் அந்த ரெண்டு டெஸ்டும் எழுதச் சொல்லுங்களேன்" என்றார்.

அந்தப் பையன் கெட்டவன் அல்ல. ஓயாத வேலை, இரண்டு வாய் டீ குடிக்க நேரமில்லாதவன். உள்ளதைத்தான் சொன்னான்:

"அவர் எதுவும் கேக்கலியே ஸார்."

அண்ணன் நச்சரித்து டாக்டரிடம் சொல்லி மாஸ்டருக்கும் சோதனை எழுதவைத்தார். ரத்தம் எடுக்க வேண்டிய வாரத்தில் மாஸ்டர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அளவு குறைந்ததால்தான் அவர் இறந்தார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கேட்கிறவனுக்கு மட்டும் அளந்து போடுவது வியாபாரம்கூட அல்ல. வியாபாரத்தில்கூட, கண் தெரியாதவன் வந்தாலும் அதே முத்திரைப் படியில்தான் அளக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டயரி எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு ஆயுள், தெரியாதவனுக்கு ஒரு ஆயுள் என்றால் சியாட்டில் கமிட்டி மேல் என்பேன். அவர்களாவது உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

நான் கேட்பது மூன்றே காரியம். இயந்திரம் ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் உள்ளபடி எழுதுங்கள். மாதம் ஒரு தடவை முன்னும் பின்னும் யூரியாவை முறைப்படி அளங்கள். வந்த எண்ணை நோயாளியின் கையில் தமிழில் எழுதிக் கொடுத்து, இது போதும், இது போதாது என்று வாயால் சொல்லுங்கள். திட்டத்தின் அறிக்கையிலும் எத்தனை தடவை என்பதற்குப் பக்கத்தில், எத்தனை பேருக்குப் போதுமான அளவு கிடைத்தது என்று இன்னொரு பத்தி சேருங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்தக் கட்டிலில் படுத்திருந்தால், அடுத்த தடவை பார்க்கப் போகும்போது ஆரஞ்சு வேண்டாம். "எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். அவருக்குக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேளுங்கள். அவர் கேட்கமாட்டார்.